உன் இருக்கையிலிருந்து தாரணி எழுதிய தாள்

என் நெஞ்சை விட்டு நீங்காத வதனி அக்காவுக்கு,

உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். வியாழக்கிழமையிலிருந்து சொல்ல ஆளில்லாமல் அலைகிறேன். இவரிடம் சொன்னால் "நல்லது, நல்லது" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கிறார். அத்தானுக்கு முன்னால் எனக்கு வாயே வரவில்லை. கடைசியில் உனக்கே எழுதலாம் என்று இல்ஃபோர்ட் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். முடிவை முதலில் சொன்னால் உனக்குப் பிடிக்காது. படத்தின் முடிவைச் சொல்லிவிடுவேன் என்று தியேட்டரில் எனக்குப் பக்கத்தில்கூட உட்காரமாட்டாய். ஆகவே ஒழுங்காகத் தொடக்கத்திலிருந்து வருகிறேன்.

சுவிஸ்ஸில் உள்ள ஓர் ஐஸ் ஹொக்கிப் பள்ளி எங்கள் கழகத்துக்குக் கடிதம் போட்டிருந்தது. பதினாறு வயதுக்கு உட்பட்ட பெண்பிள்ளைகளில் ஒருத்தியை எடுப்பார்களாம். ஒரேயொருத்தியை. படிப்பு, விடுதி, பயிற்சி எல்லாம் அங்கேதான். கோச் இரண்டு பெயர்களைக் கொடுத்தார். ஒன்று உன் தாரணி. மற்றது என் அபிரா.

சிரிக்கிறாயா, அழுகிறாயா? நான் அன்று இரண்டையும் செய்தேன்.

இந்த விளையாட்டுக்குள் என்னை இழுத்துவிட்டவள் நீ. பேர்ன் பக்கத்தில் ஓர் ஐஸ் அரங்கில் துப்புரவு வேலை செய்தாய். படிகளைக் கூட்டிக்கொண்டே ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து, அங்கே வந்து கத்துகிற அப்பாமாரைவிட உனக்கு அது நன்றாக விளங்கிவிட்டது. தாரணி நாலு வயதில் சறுக்கத் தொடங்கினாள். பிள்ளைக்கு இங்கிலீஷ் படிப்பு வேண்டுமென்று நீங்கள் லண்டனுக்கு வந்தபோது, கொண்டுவந்த பெட்டிகளில் பாதி அவளுடைய ஹொக்கிச் சாமான். நான் அபிராவைப் பரதநாட்டிய வகுப்பில் விட்டிருந்தேன். நீ வந்த மூன்றாம் கிழமையே அவளை ஐஸில் இறக்கிவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அன்று வந்த கோபம் உனக்கு நினைவிருக்கும்.

பெற்றோரில் யாராவது ஒவ்வொரு பிள்ளையின் ஆட்டத்தையும் தாளில் எழுதித் தந்தால் உதவியாக இருக்கும் என்று கோச் கேட்டபோது, நீ உடனே கையைத் தூக்கினாய். என் கையையும் பிடித்துத் தூக்கினாய். கூடவே ஒரு சட்டமும் போட்டாய்.

"என்ரை பிள்ளையை நீ எழுது. உன்ரை பிள்ளையை நான் எழுதுறன். பெத்த கண்ணாலை பாத்தால் எல்லாம் நல்லாத்தான் தெரியும்."

கண் மாற்றுவது என்று அதற்குப் பெயர் வைத்தாய். எத்தனை குளிர்காலம்! வலை காக்கிற கோலிக்குப் பின்பக்கம், மூன்றாம் படி, இரண்டு பேருக்கும் ஒரு போர்வை, பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி. நீ எழுதியதைப் படித்துவிட்டு நான் உன்னோடு இரண்டு நாள் கதைக்காமல் இருந்ததும் உண்டு. "பக் பறிபோனால் திரும்பி ஓடிவர இந்தப் பிள்ளைக்குப் பஞ்சி" என்று எழுதியிருந்தாய். அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு தன்னிடம் இருக்கும்வரைதான் அபிராவுக்கு உற்சாகம். பஞ்சிதான் அக்கா. இன்றைக்கும் அதே சோம்பல்தான்.

இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று ஆட்டத்தைப் பார்த்தால் யாரும் சொல்லமாட்டார்கள். தாரணி நன்றாகக் குனிந்து, காலை நீட்டி நீட்டிச் சறுக்குவாள். பக் அவளிடம் வந்தால் முதுகைக் காட்டி மறைத்துக்கொள்வாள், இரண்டு பேர் வந்து முட்டினாலும் எடுக்க முடியாது. கோல் வலைக்குப் பின்னால் போய் நின்று, அவசரமே இல்லாமல் எல்லாரையும் பார்ப்பாள். கோலி பொறுமை இழந்து அசைகிற நேரம் பார்த்துத்தான் அவள் கை அசையும். நான் அவளைப் பற்றி எழுதிய குறையும் அதுதான்: யோசித்து முடிப்பதற்குள் சில வேளை ஆட்டம் போய்விடும். பக் பறிபோனால் கோபம் வரும். கோபத்தில் ஸ்டிக்கால் யாருடைய காலையாவது இழுத்துவிட்டு, தண்டனையாக இரண்டு நிமிடம் வெளியே போய் உட்காருவாள்.

அபிரா வேறு மாதிரி. சின்னச் சின்ன அடி, திடீரென்று நிற்பாள், திடீரென்று பாய்வாள். கோலி காலை ஊன்றுவதற்கு முன்பே மணிக்கட்டால் ஒரு சுண்டு. ஸ்டிக் தூக்குவதே தெரியாது, பக் வலைக்குள் கிடக்கும். "இவளுக்கு யோசிக்கிற பழக்கமே இல்லை, அதுதான் இவளின்ரை அதிர்ஷ்டம்" என்று நீ எழுதினாய். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பிறகு நீ போனாய். போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இந்த வசனத்தை எழுத எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, அபிராவை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். "அக்காவுக்கு அம்மா இல்லை. இனி எல்லாத்திலையும் நீதான் அவளுக்கு விட்டுக்குடுக்கோணும். அவளுக்கு ஒண்டிலையும் மனம் நோகக் கூடாது, சரியோ?" என்றேன். பிள்ளை தலையாட்டினாள். இதில் என்ன பிழை, அக்கா? நம்முடைய சனத்தில் எந்த வீட்டிலும் இதைத்தானே சொல்லியிருப்பார்கள்? செத்த வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் தாரணியின் தலையைத் தடவி "பாவம் பிள்ளை" என்றுதானே போனார்கள்?

அத்தானுக்கு அப்டன் பார்க் கடையை விட்டு நகர முடியாது. அதனால் தாரணி கிழமையில் ஐந்து நாள் எங்களோடுதான். பெரிய அறை அவளுக்கு. கோழிக் கறியில் கால் துண்டு அவளுக்கு. காரில் முன் இருக்கை அவளுக்கு. அபிரா ஒரு முறைகூட முகம் சுழிக்கவில்லை. நான் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். கவுன்சில் ஒபிசில் என்னோடு வேலை செய்பவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன், என் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனம் என்று.

நான் சொன்னதை அவள் ஐஸுக்குள்ளும் கொண்டுபோய்விட்டாள். அதைத்தான் நான் காணவில்லை.

காணவில்லை என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. பக் அபிராவிடம் வரும். வலை முன்னால் திறந்து கிடக்கும். முன்பென்றால் அடித்திருப்பாள். இப்போது தலையைத் தூக்கித் தாரணி எங்கே என்று தேடுவாள், தேடி அவளுக்கே தள்ளிவிடுவாள். தாரணி கோல் அடித்தால் கண்ணாடிக்கு அப்பால் எல்லாரும் கை தட்டுவார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டுவேன். நீ இல்லாததால் இரண்டு தாளையும் நான்தானே எழுதினேன்? அபிராவின் தாளில் "பாஸ் நன்றாகக் கொடுக்கிறாள்" என்று ஒவ்வொரு கிழமையும் எழுதினேன்.

சுவிஸ் பள்ளி வீடியோவோடு இரண்டு பிள்ளைகளையும் பற்றிய குறிப்பும் கேட்டது. கோச் மார்ட்டின் வந்து, ஆறு வருடமாக எழுதுகிற உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் என்றார். இரண்டு பேரையும் ஒப்பிட்டு எழுதித் தாருங்கள், நான் பார்த்துக் கையெழுத்து வைக்கிறேன் என்றார். அக்கா, அந்தக் கணத்தில் நான் இல்லையென்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு தாளில் என் பிள்ளை, மற்றத் தாளில் உன் பிள்ளை. இடம் ஒன்று. ஆனால் நான் சரியென்றேன். ஏன் தெரியுமா? என்ன எழுதப் போகிறேன் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

தாரணிக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கோபத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அபிராவுக்கு எட்டு வரி. "நல்ல துணை ஆட்டக்காரி. கோல் அடிக்கும் ஆசை குறைவு." என் கையாலேயே எழுதினேன். தாரணி பிறந்த நாடு, அவளுக்கு அந்தப் பாஷை தெரியும், அவளுக்கு அங்கே நீ இருந்த இடமெல்லாம் இருக்கும். அபிராவுக்கு நான் இருக்கிறேன், போதும். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, பிள்ளைக்கு ஒரு குறையும் வரவிடாதே என்றாய். அந்தச் சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன்.

தாள்களை இந்த மேசையில்தான் வைத்திருந்தேன். பள்ளி விட்டு வந்த தாரணி, ரொட்டியைக் கடித்துக்கொண்டே எடுத்துப் படித்தாள். நான் சிங்க்கில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"சித்தி, அபியின்ரை தாளை ஆர் எழுதினது?"

"நான்தான். ஏன்?"

"அதை நீங்கள் எழுதக் கூடாதே. அம்மா இருந்தால் விட்டிருப்பாவோ?"

"அம்மா இல்லையே பிள்ளை. வேறை ஆர் எழுதுறது?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது நீ பார்க்கிற பார்வை. "அவள் எனக்குச் சும்மா சும்மா பாஸ் தாறது எனக்கு விளங்கேல்லை எண்டோ நினைக்கிறீங்கள்? ஒண்டரை வருசமா நான் அடிச்ச கோலிலை பாதி அவளின்ரை. எனக்கு வெக்கமா இருக்கு சித்தி. எல்லாரும் கை தட்டேக்கை எனக்கு அழுகை வரும்."

என் கையில் மீன் செதில். "உன்னிலை இருக்கிற அன்பிலைதானே பிள்ளை..." என்று தொடங்கினேன்.

"அது அன்பு இல்லை. பாவம் பாக்கிறது. ரெண்டும் எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு அவள் செய்ததை நீயே செய்தாய் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். அபிராவின் தாளைக் கிழித்துக் குப்பைக்குள் போட்டாள். "இனி அபியை நான் எழுதுறன். அது அம்மாவின்ரை வேலை" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குத் தான் வரவில்லை என்று கோச்சுக்கு அவளே சொல்லிவிட்டாள். நான் பதறிப்போனேன். பள்ளிக்கு வீடியோ அனுப்ப இருக்கிற ஆட்டங்களில் அதுவும் ஒன்று.

"பிள்ளை, நீ அவளுக்கு விட்டுக்குடுக்கிறியோ?" என்று கேட்டேன்.

"இல்லை சித்தி. நான் உள்ளுக்கை நிண்டால் அவள் எனக்குத்தான் தருவாள். நான் அவளை வெல்லோணும். அவள் விளையாடாமல் நான் எப்பிடி வெல்லுறது?"

பதினைந்து வயது, அக்கா. இவ்வளவு காலமும் நான் அவளுக்குக் கோழிக்கால் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் படியில் உன் இடத்தில் தாரணி உட்கார்ந்தாள். அந்த இடத்தில் நான் யாரையும் உட்காரவிட்டதில்லை, பையை வைத்துவிடுவேன். அவள் பையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டு, பேனையைத் திறந்தாள். எனக்கு எழுத ஒன்றுமில்லை. முதன்முறையாக என் பிள்ளையை வெறுங்கையோடு பார்த்தேன். முதல் பத்து நிமிடம் அபிரா தாரணியைத் தேடினாள். தலையைத் தூக்கிப் பார்ப்பாள், ஆளில்லை. பக் பறிபோகும். பிறகு ஒரு தரம் தேடவில்லை. மணிக்கட்டு மட்டும் அசைந்தது. பக் வலைக்குள் கிடந்தது.

தாரணி எழும்பிக் கை தட்டவில்லை. குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். நான்தான் அழுதேன்.

அவள் எழுதிய தாளை உனக்காகத் தமிழில் சொல்கிறேன். "அபிரா என்னைவிட வேகமாக அடிப்பாள். எனக்கு மூன்று வினாடி வேண்டியிருக்கிற இடத்தில் அவளுக்கு ஒன்று போதும். திரும்பி ஓடிவருவதில் சோம்பேறி, அதைத் திருத்த வேண்டும். சென்ற ஒன்றரை வருட ஆட்டங்களை வைத்து அவளை மதிப்பிட வேண்டாம். என் அம்மா இறந்த பிறகு அவள் தன் ஆட்டத்தை ஆடவில்லை. நான் களத்தில் இல்லாத ஆட்டத்தைப் பாருங்கள். எழுதுவது அவளோடு இதே இடத்துக்குப் போட்டியிடும் தாரணி." அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டு நான் தாரணியின் தாளைத் திரும்ப எழுதினேன். பொறுமையை எழுதினேன், ஆட்டம் முழுவதையும் பார்க்கிற கண்ணை எழுதினேன், கோபத்தையும் எழுதினேன். நீ இருந்தபோது எழுதியதைப் போல எழுதினேன்.

பிறகு பள்ளியிலிருந்து இரண்டு பேர் நேரில் வந்தார்கள். பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டார்கள், இவர்கள் இரண்டு பேரும் எதிரெதிர். ஐஸில் இறங்குவதற்கு முன் அபிரா கண்ணாடிக்குக் கிட்ட வந்து, "அம்மா, நான் என்ன செய்ய?" என்று கேட்டாள். அந்தியேட்டி அன்று பார்த்த அதே முகம். "நான் அண்டைக்குச் சொன்னது பிழை. ஒண்டும் விட்டுக்குடுக்காதை. அடி" என்றேன். தாரணி அவளிடமிருந்து இரண்டு தரம் பக்கைப் பறித்தாள். முதுகைக் காட்டி, வலைக்குப் பின்னால் நின்று, எவ்வளவு அழகு! அபிரா ஒரு தரம்தான் பறித்தாள். பறித்ததும் கோல் அடித்துவிட்டாள். தாரணி ஸ்டிக்கால் பலகைச் சுவரில் ஓங்கி ஒரு அடி போட்டாள். பள்ளிக்காரர் இரண்டு பேரும் எதையோ எழுதிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை பதில் வந்தது. இடம் அபிராவுக்கு, அக்கா.

எழுதிவிட்டேன். என் பிள்ளைக்குக் கிடைத்தது, உன் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்ததை உன்னிடம் மறைக்கமாட்டேன். கடிதத்தைப் படித்த கணம் சந்தோஷம்தான் முதலில் வந்தது. அதன் பின்னால்தான் உன் முகம் வந்தது. நீ உயிரோடு இருந்தால் என்னோடு எத்தனை நாள் கதைக்காமல் இருந்திருப்பாய்?

தாரணி அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். அபிரா அந்தக் கதவுக்கு வெளியே நின்று, "அக்கா, நான் போகேல்லை" என்று அழுதாள். உள்ளேயிருந்து சத்தம் வந்தது: "நீ போகாட்டி நான் உன்னோடை சாகும்வரைக்கும் கதைக்கமாட்டன்!" அத்தானுக்கு அவளே போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள். அவர் கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்தார். "சுகந்தி, பிள்ளை எழுதினதைக் காட்டு" என்றார். பிரதியை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தார். "வதனி கதைக்கிற மாதிரியே கிடக்கு" என்று சொல்லிவிட்டு, போட்ட தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டார்.

நான் சோற்றைக் கொண்டு உள்ளே போனேன். கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். "நான் கவனமா விளையாடினனான் சித்தி. ஏன் என்னை எடுக்கேல்லை?" என்று கேட்டாள். முன்பென்றால் ஏதாவது பூசி மெழுகியிருப்பேன். "அபி உன்னைவிடக் கெதியா அடிச்சவள், அதுதான்" என்றேன். அவள் அழத் தொடங்கினாள். உன் செத்த வீட்டில் அழாத பிள்ளை, அக்கா. அந்தியேட்டியில் அழவில்லை. லூயிஷாம் கோயிலில் உன் முதலாம் வருட ஆட்டைத் திவசத்துக்கு மோட்ச அருச்சனை செய்தபோதும் அழவில்லை. தோற்றதற்காக அழத் தொடங்கியவள், பாதி வழியில் "அம்மா" என்று கூப்பிட்டாள். என்னை இல்லை, உன்னை. பிறகு நிறுத்தவே இல்லை. சோறு ஆறிப்போகும்வரை அவளைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒன்றரை வருடமாக ஒன்றுக்கும் மனம் நோகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று, உனக்காக அழக்கூட நான் அவளை விடவில்லைப் போலும்.

இன்று காலை இரண்டு பேரும் எட்டு மணிப் பயிற்சிக்கு ஒன்றாகப் போனார்கள். காரில் ஒரு சொல் கதைக்கவில்லை. அது அவர்கள் பாடு, நான் நடுவில் போகவில்லை.

அடுத்த வருடமும் அந்தப் பள்ளி ஒருத்தியை எடுக்கும். தாரணி அதற்குப் பெயர் கொடுக்கச் சொல்லிவிட்டாள். அவளுடைய தாளை எழுதப் போவது நான்தான். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அக்கா. உன் பிள்ளையை இனி நான் ஒருநாளும் பாவம் பார்க்கமாட்டேன். யோசித்துக்கொண்டே நின்று பக்கை விட்டால், விட்டாள் என்று எழுதுவேன். அவள் தோற்றால் தோற்றாய் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவள் உன்னைக் கூப்பிட்டு அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பேன்.

அவளைப் பெற்றவள் நீ. அவளைப் பார்க்க நீ மாற்றிவைத்த கண்,

உன் தங்கச்சி,
தாரணியின் சித்தி,
சுகந்தி